17 மணி நேர இருட்டு, 24 மணி நேரச் சேறு: ஸ்ட்ராத்பஃபர் பந்தயத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரத்திலிருந்து வடமேற்கே அரை மணி நேரம் காரில் போனால் ஏ835 சாலையோரம் கான்டின் என்ற சிற்றூர் வரும். அதை ஒட்டிய மலைக்காட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், ஒரு சனிக்கிழமை காலை 10 மணிக்கு சைக்கிள்கள் புறப்படும். ஞாயிறு காலை 10 மணி வரை ஓட்டம் நிற்காது. பக்கத்து ஊரான ஸ்ட்ராத்பெஃபரின் பெயரைக் கொஞ்சம் மாற்றி இந்தப் பந்தயத்துக்கு ஸ்ட்ராத்பஃபர் என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த அட்சரேகையில் ஜனவரியில் மாலை நாலேகாலுக்கே சூரியன் போய்விடும். மறுநாள் எட்டரைக்கு மேல்தான் திரும்பி வரும். ஆக 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 17 மணி நேரம் இருட்டு. ஒரு சுற்று 11, 12 கிலோமீட்டர் இருக்கும். காட்டுச் சாலையில் ஒரு நீண்ட ஏற்றம், அப்புறம் ஒற்றையடிப் பாதை, பாறைப் பலகைகள், வேர்கள், இறக்கம். அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். தனியாக ஓட்டலாம், இரண்டு பேராகவோ நான்கு பேராகவோ முறை வைத்தும் ஓட்டலாம். பள்ளிப் பிள்ளைகளின் அணிகளும் உண்டு. ஒரு வருடம் பனி, ஒரு வருடம் கண்ணாடி போல் ஐஸ். பல வருடங்களில் மழையும் சேறும்தான். நான் இங்கே எழுதுவது அந்த மழை வருடத்துக்காக.

ஓட்டத்தை விட்டு நின்றவர்களில் கால் வலுவிழந்தவர்களை நான் குறைவாகவே பார்த்தேன். பிரேக் தேய்ந்துபோனவர்களும், செயின் அறுந்தவர்களும், விரல் விறைத்து கியர் மாற்ற முடியாமல் போனவர்களும்தான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் உடற்பயிற்சி பற்றி அதிகம் இருக்காது. ஈரத்தில் நான்கைந்து மணி நேரம் விடாமல் ஓட்டிப் பழகியவர் என்றால் தைரியமாகப் பெயர் கொடுங்கள். மீதியெல்லாம் ஏற்பாடு.

சேற்றில் வகை உண்டு

நான் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணித் தண்ணீர் பாயும் நெல் வயல். நடவுக்கு முன் தொளி கலக்கிய வயலில் கால் வைத்தால் எவ்வளவு போகும், எங்கே தரை தட்டும் என்பது சின்ன வயதிலேயே உள்ளங்காலுக்குத் தெரியும். அந்த அறிவு ஸ்காட்லாந்துக் காட்டில் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சேறு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். சக்கரத்துக்கு அது மூன்று வேறு பொருள்.

முதலாவது, கூழ் போல நீர்த்த சேறு. தொளி மாதிரி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், முகத்தில் அடிக்கும். ஆனால் சக்கரம் அதைக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடும். கான்டின் பாதை பெரும்பாலும் கல் பரப்பு என்பதால் மழைநாளில் அங்கே நீங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஓட்டுவதற்கு இது எளிது, வண்டிக்குத்தான் எமன். தண்ணீரில் கலந்த பொடி மணல் செயினிலும் பிரேக்கிலும் உப்புத்தாள் போல் அரைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, ஒட்டுகிற களி. மழை பெய்யும்போது இது வராது, மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். பாதி காய்ந்த களிமண் டயரில் அப்பிக்கொண்டு, அதன்மேல் புல்லும் இலையும் சேர்ந்து, கடைசியில் ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றவே சுற்றாது. மழை நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். இங்கிலாந்தின் தெற்குப் பக்கம் கோடையில் நடக்கும் பந்தயங்களுக்குப் போனால் இதற்குத்தான் அதிகம் தயாராக வேண்டும்.

மூன்றாவது உளை. ஸ்காட்லாந்து மேட்டு நிலத்தில் செடிகொடி மக்கிப் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கரிய மண், பஞ்சு போல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். முன்சக்கரம் இதில் இறங்கினால் அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் ஹேண்டில்பாருக்கு மேலே முன்னால் போவீர்கள். பாதையோரத்தில் கறுப்பாக, மேலே மினுமினுவென்று தெரிந்தால் இறங்கி நடந்துவிடுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே, முதல் இரண்டு சுற்றுகளில், எங்கே எந்த வகை என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு விளக்கொளியில் மூன்றும் ஒரே நிறம்.

வண்டி

விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. முன்னால் மட்டும் ஷாக் உள்ள ஹார்ட்டெய்ல் இந்தப் பந்தயத்துக்கு நல்லது. மணல் புகுந்து கெடுக்கக்கூடிய மூட்டுகள் குறைவு. கியரே இல்லாத சிங்கிள்ஸ்பீடில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். சேற்றில் கெட்டுப்போக ஒரு பொருள் குறைந்தது என்பது அவர்கள் கணக்கு. புதியவருக்கு அது வேண்டாம், அந்த நீண்ட ஏற்றம் முட்டியை வாங்கிவிடும். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரம் (செயின்ரிங்) ஒன்றே ஒன்று, பின்னால் பெரிய பல்சக்கர அடுக்கு (கேசட்) என்பது போதும்.

டயரில் முக்கியம் குமிழ்கள். உயரமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்க வேண்டும். அப்போதுதான் சுற்றும்போது சேறு தானாக உதறி விழும். மாக்ஸிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே டர்ட்டி டான் போன்றவை இதற்கென்றே செய்தவை. களி மண்ணுக்கு 2 அங்குல அகலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒல்லி டயர் நல்லது, சேற்றைக் கிழித்துத் தரையைத் தேடும், ஃபிரேமிலும் இடம் விடும். கான்டின் போன்ற பாறைப் பாதைக்கு 2.25, 2.3 அங்குலத்தில் கொஞ்சம் பருமனாக இருக்கட்டும். டியூப்லெஸ் என்றால் நீங்கள் வழக்கமாக வைக்கும் காற்றில் 2 அல்லது 3 பிஎஸ்ஐ குறையுங்கள். 70 கிலோ எடைக்காரர் 21, 22 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பார்க்கலாம். அதற்குக் கீழே போனால் பாறையில் ரிம் அடிபடும். இரவில் வெப்பநிலை இறங்கும்போது டயரின் அழுத்தமும் தானாகக் கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். முந்தைய நாள் வானிலை அறிக்கை உறைபனி என்று சொன்னால் இந்தப் பேச்சே வேறு. அப்போது ஆணி பதித்த ஐஸ் டயர் இல்லாமல் வரிசையில் நிற்கவே நிற்காதீர்கள்.

சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கட்டை, பிரேக் பேட், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் முதல்முறை போன வருடம் புதுப் பேட் போட்டுக்கொண்டுதான் போனேன். ஐந்தாவது சுற்றின் கடைசி இறக்கத்தில் பின் பிரேக்கிலிருந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம். புதிதாக மாட்டிய பொருள், இரவு வரும்போது வெறும் தகடாகி நின்றது. காரணம் எளிது. பேட்டில் இரண்டு வகை. ரெசின் என்கிற மென்மையான வகை சத்தம் போடாது, காய்ந்த பாதையில் அருமையாகப் பிடிக்கும், ஈர மணலில் பென்சில் சீவியது போல் கரையும். சின்டர்ட் என்கிற உலோகத்தூள் வகை கீச்சிடும், சூடேறினால்தான் முழுப் பிடி வரும், ஆனால் பல மடங்கு நேரம் தாங்கும். சேற்றுப் பந்தயத்துக்குச் சின்டர்ட் மட்டுமே. வாங்குவதற்கு முன் உங்கள் டிஸ்க்கில் ரெசின் பேட் மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

தனியாக ஓட்டுகிறவர் மாட்டியிருப்பது போக இரண்டு ஜோடி கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும். அதில் ஒரு ஜோடி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். புதுப் பேட்டை அப்படியே மாட்டினால் பிடிக்காது, அதற்கு டிஸ்க்கோடு பழக்கம் வேண்டும். அதனால் வீட்டிலேயே ஒவ்வொரு ஜோடியையும் மாட்டி, வேகமாகப் போய் அழுத்தி, மறுபடி போய் அழுத்தி, ஒரு இருபது தடவை செய்து கழற்றி வையுங்கள். தேய்ந்த பேட்டைக் கழற்றியதும் உள்ளே உள்ள பிஸ்டன்களைத் துடைத்துவிட்டு, டயர் லீவரால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால்தான் புதுப் பேட்டுக்கு இடம் கிடைக்கும். சேற்றோடு தள்ளினால் பிஸ்டனின் ரப்பர் கிழியும். இந்த வேலையை கையுறையோடு, தலை விளக்கில், ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கிற அளவுக்கு வீட்டில் பழகுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

செயினுக்குத் தடிமனான, ஈரத்துக்கென்றே விற்கும் வெட் லூப் எண்ணெய். மெழுகு பூசிய செயின் காய்ந்த நாளில் சுத்தமாக ஓடும், மழையில் சில மணி நேரத்தில் கழுவிப்போய் அழ ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு பாட்டில் தண்ணீரை செயின், கேசட் மேல் ஊற்றி, துணியால் பிடித்துச் சுற்றி, எண்ணெய் விடுங்கள். ஒரு நிமிட வேலை. பிரஷரில் அடிக்கும் ஜெட் தண்ணீர் அங்கே கிடைத்தாலும் ஹப், பெடல் அச்சு, ஹேண்டில்பார் கழுத்து இங்கெல்லாம் அடிக்கவே கூடாது. சேற்றை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக பேரிங்குக்குள் தள்ளிவிடும்.

ஃபிரேமின் அடிப்பக்கத்தில் சிலிக்கான் ஸ்பிரே அடித்து வைத்தால் முதல் சில சுற்றுகளுக்குச் சேறு ஒட்டாமல் வழுக்கி விழும். சமையல் எண்ணெய் ஸ்பிரேயும் அதே வேலை செய்யும். அடிக்கும்போது டிஸ்க்கையும் பேட்டையும் கழற்றிவிட்டோ மூடிவிட்டோ அடியுங்கள். ஒரு துளி பட்டாலும் பிரேக் போய்விடும். முன்சக்கரத்துக்கு நல்ல நீளமான மட்கார்ட் கட்டாயம். அழகுக்கு இல்லை, கண்ணுக்காக. பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரை ஃபிரேமோடு சேர்க்கும் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்கள், உங்கள் ஃபிரேமுக்குரியது ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். சேறும் குச்சியும் சிக்கும்போது முதலில் ஒடிவது அதுதான். மலை நடுவில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

உடம்பு: நனைவது வேறு, குளிர்வது வேறு

24 மணி நேர மழையில் நனையாமல் இருக்க எந்தச் சட்டையாலும் முடியாது. மழைக்கோட்டு வெளித்தண்ணீரைத் தடுத்தாலும் ஏற்றத்தில் உள்ளே வேர்த்து நனைந்துவிடும். அதனால் நனைந்தாலும் சூடு தருகிற துணி வேண்டும். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளிப் பனியன், மேலே மழைக்கோட்டு. பருத்தி கூடவே கூடாது. தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்பின் சூட்டை இழுத்துவிடும்.

கையுறை எத்தனை என்று கேட்டால் நான்கு ஜோடிக்குக் குறையாமல் என்பேன். ஒன்று கையில், மற்றவை கூடாரத்தில் தனித்தனி பிளாஸ்டிக் பையில், பெயர் எழுதி. நியோபிரீன் என்கிற நுரை ரப்பர் கையுறை நனைந்தாலும் சூட்டை வைத்துக்கொள்ளும். வாட்டர்புரூஃப் சாக்ஸ் நல்லது, ஆனால் ஆழமான குட்டையில் மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அது வெளியேறாது, வாளியில் கால் விட்டது போல் ஆகிவிடும். மேலே மழை பேன்ட்டின் கால் அதை மூடிக்கொண்டு வரும்படி போடுங்கள். இடுப்புக்குக் கீழே பேடு வைத்த ஷார்ட்ஸ் குறைந்தது மூன்று. சேற்றுத் தண்ணீர் ஊறிய ஷார்ட்ஸோடு பத்து மணி நேரம் உட்கார்ந்தால் தோல் உரியும். தோல் உரசாமலிருக்கப் பூசும் சாமாய் கிரீம் தாராளமாக. கூச்சப்படாமல் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பூசுங்கள்.

ஹெல்மெட்டுக்குள் முன்மடிப்பு உள்ள துணித் தொப்பி போட்டால் மழைத்துளி கண்ணில் அடிக்காது. தெளிவான கண்ணாடி போடலாம், ஏற்றத்தில் மூச்சுக்காற்றில் மங்கும். மங்கினால் கழற்றிப் பையில் வைத்துவிட்டு இறக்கத்துக்கு முன் மறுபடி மாட்டுங்கள். கண்ணில் மண் விழுந்தால் கையுறையால் தேய்க்காதீர்கள். கைக்குட்டை அளவு துணி ஒன்றை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சுப் பையில் வைத்திருங்கள். சுத்தமான தண்ணீரால் கழுவித் துடைக்க அது வேண்டும்.

குளிர் ஆபத்தாகும்போது அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நடுக்கம். அப்புறம் விரல் சொன்னபடி கேட்காது, ஜிப் இழுக்க வராது. பேச்சு குழறும். நடை தள்ளாடும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு வராமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது குணமல்ல, உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். இதில் மோசமானது, பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. நான் நல்லாத்தானே இருக்கேன் என்பார். அதனால் தீர்மானிக்கிற பொறுப்பை உங்களுக்கு உதவியாக வருகிறவரிடம் பந்தயத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

என்னோடு வந்தவன் மதுரைக்கார நண்பன். இரவு பதினொன்றுக்கு நான் கூடாரத்துக்குள் வந்து, "ஒரு டீ குடிச்சிட்டு கிளம்பிடுறேன் மாப்ள" என்றேன். அவன் டீயைக் கொடுக்கவில்லை. "முதல்ல சட்டையைக் கழட்டு. உன் பேரு என்னன்னு சொல்லு, பார்ப்போம். வாய் குழறுதுடா உனக்கு" என்றான். துண்டால் துடைத்து, காய்ந்த பனியன் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் தள்ளி, அதற்கப்புறம்தான் டீ. ஒரு மணி நேரம் கழித்து, விரல்களால் பனியன் பட்டனைப் போட்டுக் காட்டிய பிறகுதான் வெளியே விட்டான். அந்த ஒரு மணி நேரம் போகாதிருந்தால் நான் அந்த இரவை முடித்திருக்க மாட்டேன்.

கூடாரம்

தனியாக ஓட்டுவதாக இருந்தாலும் உதவிக்கு ஒருவர் இல்லாமல் முதல்முறை போகாதீர்கள். அவர் தூங்கவும் இடம் வேண்டும், அவருக்கும் காய்ந்த துணி வேண்டும். பலரும் இதை மறந்துவிட்டு, நள்ளிரவில் உதவியாளரே விறைத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கூடாரத்தை இரண்டாகப் பிரியுங்கள். வாசல் பக்கம் சேற்றுப் பகுதி: வண்டி, தண்ணீர் வாளி, பிரஷ், கருவிகள், நனைந்த துணி. உள்ளே காய்ந்த பகுதி: அங்கே சேற்றுக் காலோடு யாரும் போகக் கூடாது, நீங்கள் உட்பட. நடுவில் ஒரு பழைய ரப்பர் விரிப்பு. மூடிய கூடாரத்துக்குள் கேஸ் அடுப்போ ஹீட்டரோ எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும். சமையல் வெளியே, மேற்கூரை மட்டும் உள்ள இடத்தில்.

நேரக் கணக்கு ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து நிமிடம் கூடாரத்தில் நின்றால் பன்னிரண்டு சுற்றில் இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்காக நிற்காமல் ஓடச் சொல்லவில்லை. எதற்கு நிற்கிறோம் என்பது சக்கரம் நிற்கும் முன்பே தெரிய வேண்டும். கடைசி இறக்கத்தில் வரும்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வாருங்கள்: கையுறை, செயின், சூப்பு. உட்காரும் நாற்காலி மெத்தென்று இருக்க வேண்டாம்.

வாய்க்குள் போகும் சேறு

இதைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007இல் நடந்த ஒரு மழைப் பந்தயத்திலும், வேல்ஸில் பில்த் வெல்ஸ் ஊரில் 2008இல் நடந்த ஒரு பந்தயத்திலும் ஓட்டியவர்கள் பெருந்திரளாக வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். இரண்டு இடத்திலும் சுகாதாரத் துறையினர் ஆராய்ந்து கண்டது கேம்பிலோபேக்டர் என்ற கிருமி. அது அவர்கள் வயிற்றுக்குள் போன வழி, தெறித்த சேறு. பாதையில் ஆடு மாடு மேய்ந்திருந்தால் சேற்றில் சாணமும் கலந்திருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே தண்ணீர் பாட்டில் என்றால் வாய்ப்பகுதியை மூடும் மூடி உள்ளது. முதுகுப் பை என்றால் குழாயின் வாய் மேல்நோக்கி, சட்டைக்குள். குடிக்கும் முன் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுக் குடியுங்கள். உணவை விரலால் தொடாமல் கடிக்கும்படி பொட்டலத்தின் ஒரு முனையை வீட்டிலேயே கத்தரித்து வையுங்கள். கூடாரத்தில் சாப்பிடும் முன் கையோடு முகத்தையும் கழுவுங்கள். மட்கார்ட் கட்டாயம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பழகிய வயிற்றுக்கான பொது அளவு. பெரிய வாழைப்பழம் இரண்டு சாப்பிட்டால் ஏறக்குறைய வந்துவிடும். முதல் ஆறு மணி நேரம் இனிப்பு இறங்கும். அப்புறம் நாக்கு உப்பும் காரமும் கேட்கும். என் கூடாரத்தில் ஃபிளாஸ்கில் மிளகு ரசமும், குழைய வேகவைத்த சோறும், கொஞ்சம் நெய்யும் இருந்தன. அதிகாலை மூன்று மணிக்கு அந்த ரசச்சோறு செய்த வேலையை எந்த எனர்ஜி ஜெல்லும் செய்யாது. குளிரில் தாகம் தெரியாது. ஒரு சுற்றுக்கு அரை பாட்டிலாவது காலியாகிறதா என்று உதவியாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓட்டும் விதம்

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்து, சீட்டின் முன்நுனிக்கு வந்து, ஒரே சீராக மிதியுங்கள். கியரை வழுக்கும் இடத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் சேறு பிடித்த செயின் அறுந்துபோகும்.

குட்டை வந்தால் நடுவில் போங்கள். ஓரத்தில்தான் மண் இளகியிருக்கும், நடுவில் பெரும்பாலும் கல் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொருவரும் குட்டையைச் சுற்றிப் போனால் ஒற்றையடிப் பாதை ஒரு வாரத்தில் மாட்டுவண்டிப் பாதை ஆகிவிடும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் மலையிலும் காட்டிலும் சைக்கிளில் போகும் உரிமை கொடுத்திருக்கிறது. நாம் அங்கே பழகிப் பார்க்க முடிவதே அந்த உரிமையால்தான்.

வேரின் மேல் வண்டி சாய்ந்திருக்கக் கூடாது, பிரேக் பிடித்திருக்கக் கூடாது. முடிந்தவரை செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். மரப்பாலமும் அப்படியே. பாறை மட்டும் நண்பன்: மழை கழுவிய சுத்தமான பாறையில் டயர் நன்றாகவே பிடிக்கும். பச்சை படிந்திருந்தால் நம்பாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து, திருப்பத்துக்குள் விட்டுவிடுங்கள். வண்டி கொஞ்சம் அலையும். அலையட்டும். கையை இறுக்கிப் பிடித்து அதைத் திருத்தப் போகிறவர்தான் விழுகிறார்.

நடக்கிற வேகமும் ஓட்டுகிற வேகமும் ஒன்றாகிவிட்ட இடத்தில் இறங்கி நடங்கள். இதயத்துடிப்பும் குறையும், விறைத்த பாதத்துக்கு ரத்தமும் ஓடும். சாப்பிடவும் அதுதான் நேரம். ஒட்டுக்களியில் தள்ளாதீர்கள், தோளில் தூக்குங்கள். தள்ளினால் பத்தடிக்குள் வண்டி இன்னும் சில கிலோ கனத்துவிடும். ஷூவின் முன்பக்கத்தில் திருகி மாட்டும் ஆணிகள் இந்த நேரத்தில் உதவும்.

வேகமாக வருகிறவர் பின்னாலிருந்து வலமா இடமா என்று குரல் கொடுப்பார். பதறி ஒதுங்கிச் சேற்றில் விழ வேண்டாம். பாதுகாப்பான இடம் வந்ததும் நீங்கள் வழிவிட்டால் போதும். தனியாக ஓட்டுகிறவர் என்று தெரிந்தால் கடந்து போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அதிகாலையில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

இரவு

விளக்கு இரண்டு: ஹேண்டில்பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று. ஹேண்டில்பார் விளக்கின் ஒளி கண்ணுக்குக் கீழேயிருந்து சாய்வாக விழுவதால் கல், குழி எல்லாவற்றுக்கும் நிழல் விழுந்து ஆழம் தெரியும். ஹெல்மெட் விளக்கு நீங்கள் திரும்பும் பக்கம் திரும்பும். மழையோ மூடுபனியோ கெட்டியாக இருந்தால் ஹெல்மெட் விளக்கின் ஒளி கண்ணுக்கே திரும்பி அடிக்கும். அப்போது அதைக் குறைத்துவிட்டு, கீழே உள்ளதை மட்டும் நம்புங்கள். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பெட்டியில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தால் மூன்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஏற்றத்தில் வெளிச்சத்தைப் பாதியாக்கினாலே நிறைய மிச்சமாகும். எல்லாம் அணைந்துபோனால் நடந்து வரவாவது ஒரு சின்ன டார்ச் பையில் இருக்கட்டும்.

நான்கு பேர் அணியாக இருந்தால் இரவில் முறையை மாற்றிப் பாருங்கள். ஒரு சுற்று ஒன்றேகால் மணி நேரம் என்றால், ஒவ்வொரு சுற்றாக மாறும்போது உங்களுக்குக் கிடைப்பது மூன்றேமுக்கால் மணி நேர இடைவெளி. துணி மாற்றி, சாப்பிட்டு, கண் மூடுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். இரண்டிரண்டு சுற்றாக ஓட்டினால் ஏழரை மணி நேரம் கிடைக்கும், உண்மையான தூக்கம் வரும். கொட்டும் மழையில் இரண்டரை மணி நேரம் தொடர்ந்து வெளியே இருக்க முடியுமா என்பதை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு நான்கு பேர் அணியைத்தான் சொல்வேன்.

தனியாக வந்தவர்களுக்கு ஒரு நிமிடம். காலை 10 மணிக்கு எல்லோரும் ஓடிப்போய் வண்டியை எடுத்துப் பாயும்போது நீங்கள் நடந்து போங்கள். முதல் நான்கு சுற்றில் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். அதிகாலை மூன்றிலிருந்து ஆறு மணி வரைதான் மனம் கைவிடும் நேரம். அந்த நேரத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். சாப்பிட்டு, காய்ந்த கையுறை போட்டு, ஒரு சுற்று போய்விட்டு வந்து முடிவெடுங்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: குளிர் பற்றி மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் போகக் கூடாது.

முடிந்த பிறகு

எவ்வளவு தெம்பாக உணர்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கார் ஓட்டாதீர்கள். உதவியாளரும் தூங்கியிருக்க மாட்டார். இன்வர்னெஸிலோ ஸ்ட்ராத்பெஃபரிலோ அன்றிரவுக்கு ஓர் அறை முன்பே எடுத்துவிடுங்கள்.

துணியைச் சேற்றோடு வாஷிங் மெஷினில் போடாதீர்கள், வாளியில் மூன்று முறை அலசி மண்ணை இறக்குங்கள். கால் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர விடுங்கள். அடுத்த வாரத்துக்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் மருத்துவரிடம் சேற்றில் ஓட்டியதைச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வண்டியை அன்றே கழுவ முடியாவிட்டால் செயினுக்கு மட்டுமாவது எண்ணெய் விட்டு வையுங்கள், ஓரிரவில் துரு ஏறும். மறுநாள் வேகமில்லாமல் விழும் தண்ணீரில் கழுவி, சீட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃபிரேமுக்குள்ளிருந்து ஒரு சொம்பு பழுப்புத் தண்ணீர் கொட்டும். நன்றாக வடியும் வரை பிடித்திருந்து, சீட்டுக் கம்பியைத் துடைத்து கிரீஸ் தடவி, இரண்டு நாள் கழித்து மாட்டுங்கள்.